பேராதனைக்கு வரப்போகும் தம்பி தங்கைகளுக்கு

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வெளியான கிழமையிலிருந்து ஒரே மாதிரியான கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன. அக்கா, பேராதனைப் பல்கலைக்கழகம் எப்படி? குளிர் தாங்கலாமா? ஹொஸ்டல் கிடைக்குமா? சிங்களம் தெரியாமல் சமாளிக்கலாமா? ராகிங் என்ற பகிடிவதை இருக்கிறதா? கிளிநொச்சியிலிருந்தும் மன்னாரிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயங்கள் இல்லை இவை. அதனால் எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் வன்னியிலிருந்து வந்தவள். விஞ்ஞான பீடம், இறுதி வருடம். மருத்துவம், பொறியியல், கலை என்று வருபவர்களுக்குச் சில இடங்களில் கதை மாறும். மற்றப்படி அநேகமானவை எல்லோருக்கும் பொருந்தும்.

முக்கியமானதை முதலே சொல்லிவிடுகிறேன். ஒரு மாணவருக்குத் தேவையான கிட்டத்தட்ட எல்லாமே இந்தக் கம்பஸில் இருக்கிறது. நூலகம், வைத்தியம், உதவிப்பணம், ஆங்கிலம் சொல்லித்தர ஆள், மனம் சரியில்லாத நேரத்தில் பேச ஆள், நீந்திப் பழக இடம், எல்லாம். ஆனால் எதுவும் உங்களைத் தேடி வராது. போய்க் கேட்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் கேட்பதில்லை. கெட்டித்தனம் குறைவென்று இல்லை. வகுப்பில் ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதித்தான் உயர்தரம் வரை வந்திருக்கிறோம். இடையில் கேள்வி கேட்டால் அதை மரியாதைக்குறைவென்று நினைத்த வகுப்புகளும் உண்டு. இங்கே வந்தால் கேட்க வேண்டிய மொழியும் வேறாகிவிடுகிறது. நாக்கு எழும்பாது. மூன்று நான்கு பேராகத் தமிழ்ப் பிள்ளைகளோடேயே திரிந்து, அறிவித்தல் பலகையில் இருப்பதை யாராவது சொன்னால்தான் தெரியும் என்ற நிலையிலேயே முதல் வருடம் போய்விடுகிறது. அந்த ஒரு வருடத்தை நீங்கள் இழக்கக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வீட்டிலே பயப்படுகிறார்கள் என்றும் சிலர் எழுதியிருந்தீர்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1983 மே மாதம், கறுப்பு யூலைக்கு முன்னரே, இங்கே படித்துக்கொண்டிருந்த தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு விரட்டப்பட்டார்கள். உங்கள் பெரியப்பாமார், மாமாமார் யாராவது அந்தக் காலத்தில் இங்கே படித்திருந்தால் அவர்கள் வாயால் கேட்டிருப்பீர்கள். அதை மறக்கச் சொல்லி அம்மா அப்பாவோடு வாதாடாதீர்கள். இன்று எல்லாப் பீடத்திலும் தமிழ், முஸ்லிம் மாணவர்கள் படிக்கிறார்கள், பொங்கலும் சரஸ்வதி பூசையும் நடக்கின்றன என்பதைச் சொல்லுங்கள். முடிந்தால் பதிவுக்கு வரும் நாளில் அவர்களையும் கூட்டிவந்து இடத்தைக் காட்டுங்கள். கண்ணால் கண்டால் பாதிப் பயம் போய்விடும்.

சரி, வருவது எப்படி. வடக்கிலிருந்து வருபவர்களுக்கு ஏ9 வீதியே போதும். அது தொடங்குவதே கண்டியில்தான். யாழ்ப்பாணம் - கண்டி பஸ் வவுனியா, தம்புள்ளை, மாத்தளை தாண்டிக் கண்டிக்கு வரும். கண்டியிலிருந்து பேராதனை ஆறு கிலோமீற்றர் வரை. கம்பளை, கடுகண்ணாவை, கேகாலைப் பக்கம் போகும் எந்த பஸ்ஸும் பேராதனையால்தான் போகும். கலஹா சந்தியில் இறங்குங்கள். அங்கிருந்து உள்ளே போகும் கலஹா வீதி கம்பஸின் நடுவால் ஓடுகிறது. ரயிலில் வருவதென்றால் பொல்கஹவலையில் இறங்கிக் கண்டி ரயிலுக்கு மாற வேண்டும். கம்பஸுக்கென்றே சரசவி உயன என்று ஒரு சிறிய நிலையம் உண்டு, ஆனால் எல்லா ரயிலும் அதில் நிற்காது. மலையகத்திலிருந்து வருபவர்களுக்குப் பேராதனைச் சந்தி வசதி. மழைக்காலத்தில் மண்சரிவு வந்தால் ரயில் பாதை நின்றுவிடும், ஆகவே வெளிக்கிட முன்னர் ஒருமுறை விசாரியுங்கள். எசல பெரஹரா ஊர்வல நாட்களில் கண்டி நகரத்துக்குள் அகப்பட்டால் மணிக்கணக்கில் பஸ்ஸிலேயே இருக்க வேண்டிவரும். அந்தக் கிழமை பெட்டி படுக்கையோடு பயணம் வைக்காதீர்கள்.

இடம் பெரியது. ஏறத்தாழ 700 ஹெக்டெயர். ஊடாக மகாவலி ஓடுகிறது, ஒரு பக்கம் ஹந்தானை மலை, மொத்தம் 9 பீடங்கள். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கியது. பேராதனைக்கு வந்தது 1952இல். முதல் துணைவேந்தர் ஐவர் ஜென்னிங்ஸ். பற்றிக் அபர்குரொம்பி வகுத்த திட்டத்தை வைத்து, ஷேர்லி டி அல்விஸ் என்ற கட்டடக் கலைஞர் மலைச்சரிவையும் மரங்களையும் பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கிறார். செனட் கட்டடத்தின் கண்டியக் கூரைக்குக் கீழே நின்று பார்த்தால் அந்தக் கவனம் விளங்கும். விடுதிகளின் பெயர்களையும் கவனியுங்கள். அருணாசலம் விடுதி, இராமநாதன் விடுதி. இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இலேயே சங்கம் அமைத்துப் போராடியவர்களுக்கு முன்னின்றவர் பொன்னம்பலம் அருணாசலம். பேராதனையில் எங்களுக்கு என்ன உரித்து என்று யாராவது உங்களை யோசிக்க வைத்தால், அந்தப் பெயர்ப்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பெரிய இடத்தில் நடந்துதான் திரிய வேண்டும். விலை கூடிய சப்பாத்து வேண்டாம், வழுக்காத சப்பாத்து வேண்டும். குடை கட்டாயம். வன்னியில் மாரி ஒன்றுதான், ஐப்பசி கார்த்திகையில் கொட்டி முடித்துவிடும். இங்கே தென்மேல் பருவத்திலும் நனைவீர்கள், பிறகு ஒக்டோபர், நவம்பரில் பின்னேரங்களில் இடி மின்னலோடும் நனைவீர்கள். உடுப்பு காயாது. கொஞ்ச உடுப்பும், கெதியில் காயும் துணியும் கொண்டு வாருங்கள். ஒரு நல்ல போர்வை போதும், நுவரெலியாக் குளிர் இங்கே இல்லை. ஹந்தானைக்கு ஏறப் போனால் அட்டை கடிக்கும். காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு போவது எங்கள் பட்ச் வழக்கம், நன்றாகவே வேலை செய்கிறது. யன்னலைத் திறந்து வைத்துவிட்டு லெக்சருக்குப் போகாதீர்கள். குரங்குகள் வந்து பாண், சீனி, மா எல்லாவற்றையும் கொட்டிக் குழப்பிவிட்டுப் போகும். ஊரிலிருந்து அம்மா வறுத்து அனுப்பிய அரிசிமா போத்தலோடு மரத்தில் ஏறிப்போவதைப் பார்ப்பது மிகவும் கவலையான விஷயம்.

ரொபரோசியா மரங்கள் பூக்கும் காலத்தில் பாதை முழுக்க இளஞ்சிவப்பாகிவிடும். அதற்கு நான் ஆலோசனை ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

விடுதி எல்லா வருடமும் கிடைக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். முதல் வருடத்துக்குப் பெரும்பாலும் கிடைக்கும், இடையில் வெளியே வாடகைக்கு அறை, அதாவது போர்டிங், தேட வேண்டிவரும். தூரமும் வீட்டு வருமானமும்தான் கணக்கு. கிராம அலுவலரிடம் எடுத்துப் பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்திய வருமானச் சான்றிதழைப் பல பிரதிகளாக வைத்திருங்கள். விடுதிக்கும் கேட்பார்கள், மகாபொல, பர்சரி என்ற உதவிப்பணங்களுக்கும் கேட்பார்கள். ஒரு கடதாசிக்காகத் திரும்ப ஊருக்குப் போய்வரும் செலவை மிச்சம் பிடிக்கலாம். விடுதிக் கட்டணம் மிகக் குறைவு. போர்டிங் அப்படி இல்லை, முற்பணமும் கேட்பார்கள். நான் முதல் வருடம் ஹில்டா விடுதியில் இருந்தேன். அறைத்தோழிகளில் ஒருத்தி மாத்தறை, ஒருத்தி அனுராதபுரம். தமிழ்ப் பிள்ளைகளோடு அறை மாற்றித் தரும்படி கேட்கலாம் என்று எனக்குச் சொன்னவர்கள் உண்டு. நான் மாற்றவில்லை. இன்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் முக்கால்வாசி அந்த அறையில் படித்ததுதான்.

மொழி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாக் கதவும் இதனால்தான் திறக்கும் அல்லது மூடும். விஞ்ஞான பீடத்தில் படிப்பு முழுக்க ஆங்கில மொழிமூலம். பாடம் எங்களுக்குத் தெரிந்ததுதான், உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்துத்தான் வருகிறோம். ஆனால் நியமிப்பு (titration), அளவி (burette), குழாயி (pipette) என்று பழகிய கைகள், லெக்சரர் ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்லும்போது ஒரு நிமிடம் பிந்திப் போகின்றன. அந்த ஒரு நிமிடத்துக்குள் அவர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார். இதற்கு நான் செய்தது, உயர்தர நோட்டுக்கொப்பியையே எடுத்து ஒவ்வொரு தலைப்பிலும் வரும் சொற்களுக்குப் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதியது. புதிதாக அகராதி ஒன்றும் தேவையில்லை. பதிவுக்கும் முதல் லெக்சருக்கும் இடையில் உங்களுக்கு நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் இதைச் செய்து முடியுங்கள்.

ஆங்கில வகுப்பைத் தவறவிடாதீர்கள். தொடக்கத்தில் வைக்கும் வகுப்புகளுக்குக் கிரெடிட் இல்லை என்று பலர் போவதில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் உங்களைப் போலவே ஆங்கிலம் பேசக் கூச்சப்படும் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள் என்பதை நேரில் பார்ப்பதே ஒரு பெரிய ஆறுதல். கொழும்புப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மளமளவென்று பேசுவதைக் கேட்டு நாங்கள் மட்டும்தான் பின்னால் என்று நினைத்துக்கொண்டிருப்போம். அது உண்மையில்லை.

முதல் இரசாயனவியல் செய்முறை வகுப்பில் எனக்குச் சோடியாக வந்தவள் குருநாகல் பக்கம். எனக்குச் சிங்களம் வராது, அவளுக்குத் தமிழ் வராது, இரண்டு பேருக்கும் ஆங்கிலம் தடக்கும். எங்கள் அளவி அடியில் கசிந்துகொண்டிருந்தது. துளி விழுவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம், யார் போய்ச் சொல்வதென்று தெரியவில்லை. கடைசியில் அவள் என் கையைப் பிடித்து, செய்முறையைக் கவனிக்கும் டெமோவிடம் இழுத்துக்கொண்டு போனாள். "சேர், திஸ் லீக்ஸ்" என்று மூன்று சொல். அவ்வளவுதான், வேறு அளவி தந்தார். அதற்குப் பிறகு வாசிப்புகளை நான் சொல்ல அவள் எழுதுவாள், கணக்கை இருவரும் சேர்ந்து போடுவோம். மோலுக்கும் லீற்றருக்கும் எங்களுக்குள் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. இன்றைக்கும் அவள்தான் என் நெருங்கிய சிநேகிதி.

சிங்களத்துக்குப் புத்தகம் வாங்கிப் படிக்க முன்னர், இரண்டு மூன்று வசனத்தோடு தொடங்குங்கள். "மட்ட சிங்கள டிகக் புளுவன்." எனக்குச் சிங்களம் கொஞ்சம் தெரியும் என்று. இதைச் சொன்னால் கன்ரீன் மாமாவும் அலுவலகத்து அக்காவும் மெதுவாகப் பேசத் தொடங்குவார்கள். பஸ்ஸில் "பஹினவா" (இறங்குகிறேன்) என்று சத்தமாகச் சொல்லப் பழகுங்கள், இல்லாவிட்டால் கலஹா சந்தி தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். கடையில் "கீயத?" (எவ்வளவு?) மற்றதெல்லாம் தன்னால் வரும். பிழைவிட்டால் சிரிப்பார்கள்தான், அநேகமானவர்களின் சிரிப்பில் நையாண்டி இல்லை. இன்னொன்று, கடிதம், விண்ணப்பம் எதையும் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. தமிழும் அரச கரும மொழி. ஆனால் கெதியாக அலுவல் முடிய வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் ஒரு பிரதி வைத்துக் கொடுங்கள். உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை, நாள் போகாமல் இருக்கச் சொல்கிறேன்.

இனிக் குப்பி. பரீட்சைக்கு முன்னர் பாடம் விளங்கிய ஒருவர் மற்றவர்களை இருத்தி வைத்துச் சொல்லிக் கொடுப்பதை இங்கே குப்பி என்பார்கள். சீனியர் வந்து தருவார், பட்ச்சில் கெட்டிக்கார ஒருவரும் தருவார். வெறுமையான லெக்சர் அறையிலோ விடுதிப் படிக்கட்டிலோ நடக்கும். காசு வாங்க மாட்டார்கள். லெக்சரில் ஒரு செமெஸ்டர் முழுக்க விளங்காதது குப்பியில் ஒரு பின்னேரத்தில் விளங்கிவிடும். இந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருக்கும் நல்ல வழக்கங்களில் இதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். தமிழ்க் குப்பிக்கு மட்டும் போகாதீர்கள், சிங்களக் குப்பிக்கும் போய் இருங்கள். பலகையில் எழுதுவது ஆங்கிலமும் சமன்பாடும்தான், பேச்சு பாதி விளங்கினாலே போதும். இரண்டாம் வருடத்தில் நீங்களும் ஒரு பாடத்துக்காவது குப்பி கொடுங்கள். சொல்லிக் கொடுக்கும்போதுதான் எங்கே ஓட்டை என்று எங்களுக்கே தெரியும்.

சில சீனியர்மார் இதையே ஆயுதமாக்குவதும் உண்டு. ராகிங்குக்கு வராவிட்டால் குப்பி இல்லை, நோட்ஸ் இல்லை, பழைய வினாத்தாள் இல்லை என்பார்கள். எங்கள் ஆட்கள்தானே, கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று தமிழிலும் சொல்வார்கள். நம்பாதீர்கள். பழைய வினாத்தாள் நூலகத்தில் கிடைக்கும், நோட்ஸ் லெக்சரரே தருவார், குப்பி தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். 1997இல் இங்கே பொறியியல் படிக்க வந்த ஒரு தமிழ் மாணவன், பகிடிவதையில் மிதமிஞ்சிய உடற்பயிற்சி செய்விக்கப்பட்டு, சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனான். வந்து சில கிழமையிலேயே. அடுத்த வருடம் பகிடிவதையைத் தடுக்கும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதை இன்று சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இதைச் சட்டப் பாடமாகச் சொல்லவில்லை. உங்களை நடுச்சாமத்தில் ஒருவர் அழைத்தால், போகாமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று ஃபோனில் எழுதி வையுங்கள். பீடத்து மாணவ ஆலோசகரிடமோ கம்பஸ் பாதுகாப்பைப் பார்க்கும் மார்ஷலிடமோ போங்கள், தனியாகப் போகாமல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு நேரடியாக முறையிடவும் வழி இருக்கிறது. வீட்டுக்குச் சொல்லாமல் மறைக்காதீர்கள். பேசமாட்டார்கள், ஒதுக்கிவைப்பார்கள் என்று பயமுறுத்துவார்கள். அப்படி ஒதுக்கப்பட்ட என் பட்ச் பிள்ளைகள் எல்லோரும் இன்று நன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறார்கள், கூட்டாளிகளோடுதான்.

காசு. படிப்புக்குக் கட்டணம் இல்லை. மகாபொலவும் பர்சரியும்தான் மாதாந்தச் செலவுக்குக் கைகொடுக்கும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகவும், பர்சரி 4,000 இலிருந்து 6,500 ஆகவும் கூட்டப்பட்டன. இன்றைய விலைவாசிக்கு இது சாப்பாட்டுக்கே காணாது. அதோடு முதல் தவணை வந்து சேரச் சில மாதம் ஆகும். ஆகவே முதல் மூன்று நான்கு மாதத்துச் செலவுக்கு வீட்டில் முன்கூட்டியே பேசி ஒழுங்கு செய்யுங்கள். முடியாத வீடுகளும் உண்டு, எனக்குத் தெரியும். அப்படியானவர்கள் வெட்கப்படாமல் பீடத்து மாணவ ஆலோசகரிடம் சொல்லுங்கள். பழைய மாணவர்கள் தரும் சிறு சிறு உதவிகள் பல அங்கேதான் பங்கிடப்படுகின்றன. கேட்காதவர்களுக்கு அவை போவதில்லை. ஒவ்வொரு வருடமும் ஆள் இல்லாமல் உதவி திரும்பிப் போகிறது, இன்னொரு பக்கம் ஒரு பிள்ளை காலைச் சாப்பாடு இல்லாமல் லெக்சரில் இருக்கிறது. இது இரண்டும் ஒரே பீடத்தில் நடக்கும்போது எனக்குத் தாங்க முடிவதில்லை. இரண்டாம் வருடத்திலிருந்து கண்டிப் பக்கத்தில் ரியூசன் கொடுக்கலாம், தமிழ்மூலம் கணிதம், விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் தேவைதான். 80 வீத வரவு கட்டாயம் என்பதை மட்டும் மறக்காமல் நேரத்தை எடுங்கள்.

சாப்பாடு பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. கன்ரீனில் சோறு, பருப்பு, சம்பல், ஒரு மரக்கறி. விலை வெளியே இருப்பதைவிடக் குறைவு. புட்டுக்கும் குரக்கன் கூழுக்கும் ஏங்குவீர்கள். சனிக்கிழமைகளில் நாலு பேர் சேர்ந்து சமைத்தால் அந்தக் குறை கொஞ்சம் தீரும்.

உடம்புக்கு ஏலாவிட்டால் கம்பஸுக்குள்ளேயே சுகாதார நிலையம் இருக்கிறது. பரீட்சை நாளில் வருத்தம் வந்தால் அங்கே போய்ப் பதிந்த சான்றிதழ்தான் செல்லும், தனியார் டொக்டரின் துண்டு போதாமல் போகலாம். பெரிய வருத்தமென்றால் பேராதனைப் போதனா வைத்தியசாலை கிட்டத்தான். மனம் சரியில்லையென்றால் மாணவ ஆலோசனைக்குப் போங்கள். வன்னியிலிருந்து வரும் எங்களில் பலர் சின்ன வயதிலேயே பெரிய இழப்புகளோடு வந்திருக்கிறோம். பரீட்சை நெருக்கும்போது அது எங்கிருந்தோ மேலே வரும். 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைத்துப் பேசலாம், அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம். தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

நூலகத்துக்குத் தனி நாள் ஒதுக்குங்கள். மத்திய நூலகம் செனட் கட்டடத்துக்குக் கிட்ட, பீடங்களுக்கென்று கிளைகளும் உண்டு. இலங்கையில் அச்சாகும் நூல்களின் பிரதி சட்டப்படி வந்து சேரும் நூலகங்களில் இதுவும் ஒன்று. விஞ்ஞானம் படிக்கிற எனக்கு முதலில் அது பாடப்புத்தகம் எடுக்கும் இடமாகத்தான் இருந்தது. ஒருநாள் தமிழ்ச் சங்கத்துக்காக ஏதோ தேடிப் போனபோது, கவுண்டரில் இருந்தவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் 'இளங்கதிர்' பழைய தொகுப்புகள் சிலவற்றை எடுத்துத் தந்தார். தமிழ்ச் சங்கம் 1940களின் கடைசியில் தொடங்கிய ஆண்டு மலர் அது. தாள் மஞ்சளாகி, ஓரம் தொட்டால் உதிரும் பதம். நான் இன்று இருக்கும் இதே விடுதிகளில் இருந்த பிள்ளைகள் எழுதிய கவிதைகளும் கட்டுரைகளும். எங்கள் யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தபோது 97,000 வரையான நூல்கள் போயின என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான். தப்பியிருக்கும் பழைய தமிழ்த் தாள்கள் கையில் கிடைத்தபோது பக்கத்தைப் புரட்டவே பயமாக இருந்தது. நூலகம் என்ற இணையத்தளத்தில் பல இதழ்களை இப்போது எங்கிருந்தும் வாசிக்கலாம். என்றாலும் ஒருமுறையாவது அந்த மேசையில் இருந்து வாசியுங்கள்.

நூலகத்தில் மின்னூல், ஆய்விதழ் வசதிகளும் உண்டு, கம்பஸ் வலையமைப்புக்குள் இருந்தால் பல கட்டுரைகள் இலவசமாகத் திறக்கும். மூன்றாம் வருடத்தில் விசேட பட்டத்துக்குப் போக நினைப்பவர்கள் இதை முதல் வருடத்திலேயே பழகுங்கள். முதல் இரண்டு வருடத்துப் புள்ளிகள்தான் அந்தத் தெரிவைத் தீர்மானிக்கும். முதலாம் வருடம்தானே என்று விட்டவர்கள் பிறகு ஏறுவது கடினம்.

கடைசியாகத் தமிழ்ச் சங்கம். இந்து மாணவர்களுக்கும், முஸ்லிம், கிறிஸ்தவ மாணவர்களுக்கும் தனித்தனி அமைப்புகள் உண்டு. மேட்டில் குறிஞ்சிக்குமரன் கோயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் போனால் எல்லாப் பீடத்துப் பிள்ளைகளையும் ஒரே இடத்தில் சந்திக்கலாம், போர்டிங் விசாரிக்கவும் அதுதான் நல்ல இடம். ஆனால் எல்லோரும் சேர்ந்து ஒரு வேலை செய்வது தமிழ்ச் சங்கத்தில்தான். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் இங்கே விரிவுரையாளராக இருந்தபோது, மட்டக்களப்புப் பகுதிக் கூத்தை எடுத்து, மாணவர்களை ஆட வைத்து, 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று மேடையேற்றினார். இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியரானார். கூத்தைப் படிப்பில்லாதவர்களின் ஆட்டம் என்று ஒதுக்கிவைத்தவர்கள் திரும்பிப் பார்த்தது இந்தக் கம்பஸ் பிள்ளைகள் ஆடிய பிறகுதான். சிங்கள நாடகத்துக்கு நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர இங்கே செய்ததும் ஏறக்குறைய அதே காலத்தில். அவர் பெயரிலுள்ள திறந்தவெளி அரங்கை எல்லோரும் 'வல' என்பார்கள். மரங்களுக்கு நடுவில், கூரையில்லாமல், சரிவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மொழி விளங்காவிட்டாலும் ஒரு சிங்கள நாடகம் அங்கே பாருங்கள், பிடித்திருந்தால் கையைத் தட்டி, பிடிக்காவிட்டால் கூவி, முழு அரங்கமும் நாடகத்தோடு பேசும்.

எங்களுக்கும் இந்த வருடம் ஒரு சிறிய கூத்து போட எண்ணம் இருக்கிறது. ஆட ஆள் சேர்ந்துவிட்டது. பொறியியல் பீடத்துத் தம்பி ஒருவர் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் பழகியவர், அவரே தாளக்கட்டு சொல்லித் தருகிறார். மத்தளத்துக்குத்தான் ஆள் இல்லை. மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ மன்னாரிலிருந்தோ வருபவர்களில் மத்தளம் அடிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால், எந்தப் பீடமானாலும் பரவாயில்லை, பதிவு முடிந்த கையோடு தமிழ்ச் சங்கத்தில் வந்து சொல்லுங்கள். மத்தளத்தைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், இங்கே இருக்கிறது.